வாசல் பாத்தியைச் சீர்செய்ய வேண்டும்: பழைய வீட்டுச் செடிகளைப் பெயர்த்து நடுவது பற்றி

கலா_திருச்சி | ஆகஸ்ட் 9

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் இருக்கும் எங்கள் அம்மா வீடு கைமாறிவிட்டது. வாங்கியவர் பொங்கலுக்குப் பிறகு இடித்துக் கட்டப் போகிறார். அதுவரை எந்தச் செடியை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நல்ல மனதோடு சொல்லியிருக்கிறார்.

அங்கே ஆளுயரம் தாண்டிய அடுக்கு நந்தியாவட்டை ஒன்று, இடுப்பளவு சிவப்பு இட்லிப்பூ இரண்டு, ஊதா டிசம்பர் பூ ஒரு புதர், கிணற்றடியில் கனகாம்பரம், மஞ்சள் கல்வாழை ஒரு கூட்டம், நடைபாதை ஓரம் முழுக்க இளஞ்சிவப்பு மழை லில்லி, ஒரு பன்னீர் ரோஜா, பெரிய பவளமல்லி மரம் எல்லாம் இருக்கின்றன.

இங்கே திருச்சி புறநகரில் எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. கேட்டுக்குள் நுழைந்ததும் வலதுபக்கம் முன் சுற்றுச்சுவரை ஒட்டி 12 அடி நீளம், 3 அடி அகலத்தில் ஒரு பாத்தி. இப்போது அதில் இரண்டு குரோட்டன்ஸும் கோரையும்தான். அம்மா இனி எங்களோடுதான் இருப்பார். காலையில் நாலு பூ பறித்துச் சாமிக்கு வைப்பது அவருக்கு முக்கியம். கோலம் போடும் இடத்தைச் செடி அடைக்கக் கூடாது. எதை எடுக்கலாம், எப்போது எடுக்கலாம்?

செம்மண்_செல்வம் | ஆகஸ்ட் 9

ஆடிப்பட்டம் தேடி விதை என்று சும்மாவா சொன்னார்கள்? ஆடி இன்னும் முடியவில்லை. இந்த வாரமே ஆள் வைத்து எடுத்து வந்து நட்டுவிடுங்கள். தள்ளிப்போட்டால் அவர் இடிக்க ஆரம்பித்துவிடுவார்.

வேர்மண் | ஆகஸ்ட் 10

செல்வம் தம்பி சொன்ன பழமொழி விதைக்கு. பெயர்த்து எடுத்த செடிக்கு அதைப் பொருத்தக் கூடாது.

பெயர்க்கும்போது எவ்வளவு கவனமாக இருந்தாலும் நுனிவேர் பெரும்பகுதி அறுந்து பழைய இடத்திலேயே தங்கிவிடும். தண்ணீரை உறிஞ்சுவது அந்த நுனிவேர்தான். மேலே இலை அப்படியே இருக்கும், கீழே உறிஞ்ச வேர் இருக்காது. திருச்சியில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்தக் காற்றும் வெயிலும் சேர்ந்து இலையிலிருக்கும் ஈரத்தை ஒரே பகலில் இழுத்துவிடும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் செடி வாடிக்கொண்டே போகும்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரம் பிடிக்கும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி அந்த மூன்று மாதத்தில்தான். வானம் மூடியிருக்கும், காற்றில் ஈரம் இருக்கும், வெயில் தணிந்திருக்கும். புதிய வேர் விட அதைவிட நல்ல காலம் நமக்குக் கிடையாது. ஆனால் அடைமழைக்கு நடுவில் தோண்டாதீர்கள். கும்பகோணத்து மண் காவிரி வண்டல், களி அதிகம். சொதசொதவென்று இருக்கும்போது தூக்கினால் வேரைப் பிடித்திருக்கும் மண் பிட்டுக்கொண்டு விழும். புரட்டாசிக் கடைசியில் இரண்டு மழை பெய்து, மண் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதத்துக்கு வரும்போது எடுங்கள்.

அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். இட்லிப்பூவுக்கு இப்போதே வேர் வெட்டிவிடுங்கள். தண்டைச் சுற்றி ஓரடி தள்ளி ஒரு வட்டம் போட்டு, அதில் பாதி வட்டத்தை மட்டும் கூர்மையான மண்வெட்டியால் ஓரடி ஆழத்துக்கு நேராகக் குத்தி அறுத்துவிட வேண்டும். மீதிப் பாதியை மூன்று நான்கு வாரம் கழித்து. இடையில் தண்ணீர் காட்டிக்கொண்டே இருந்தால், அறுபட்ட இடத்திலிருந்து வட்டத்துக்கு உள்ளேயே புதிய சல்லிவேர் கிளம்பும். அக்டோபரில் தூக்கும்போது அந்த வேர் மண்ணோடு கூடவே வந்துவிடும். பெரிய செடி பிழைப்பதும் போவதும் பெரும்பாலும் இந்த ஒரு வேலையில்தான் இருக்கிறது.

செம்மண்_செல்வம் | ஆகஸ்ட் 10

வேருக்குச் சொன்னது சரிதான் அண்ணா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் ஆவணியில் ஒன்றிரண்டு நல்ல மழை கிடைக்கும். குச்சி வெட்டி மண் நிரப்பிய பையில் ஊன்றுவதற்கு அது போதும். கலா மேடம் ஒரு நடை போய் குச்சியாவது வெட்டி வந்துவிடுவது நல்லது. செடி பிழைக்காமல் போனாலும் அதே செடியின் பிள்ளை கையில் இருக்கும்.

வேர்மண் | ஆகஸ்ட் 10

அது மிகச் சரி. எதை எடுத்தாலும் அதற்கு ஒரு குச்சியோ கிழங்கோ மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

குமரி_மழை | ஆகஸ்ட் 11

நாகர்கோவில்காரர்கள் யாராவது படித்தால் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். எங்களுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கு மழை பிடித்ததுமே பெயர்த்து நடலாம், அக்டோபர் வரை காத்திருக்கத் தேவையில்லை.

கரிசல்_கணபதி | ஆகஸ்ட் 12

எல்லோரும் செடியைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தப் பாத்தியின் மண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லையே.

புது வீட்டு வாசல் பாத்தி என்றாலே எனக்குப் பயம். வீடு கட்டும்போது உடைந்த செங்கல், காய்ந்த கலவை, பூச்சு வேலையில் சிந்தியது எல்லாவற்றையும் அங்கேதான் தள்ளியிருப்பார்கள். மேலே நாலு சட்டி செம்மண் தூவி, புல் முளைத்ததும் தோட்டம் என்று சொல்லிவிடுவார்கள். சிமெண்டிலும் சுண்ணாம்பிலும் இருக்கும் காரம் மண்ணில் இறங்கிக்கொண்டே இருக்கும். இட்லிப்பூவுக்குச் சற்று அமிலத்தன்மை உள்ள மண்தான் ஒத்துவரும். கார மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் அதனால் எடுத்துக்கொள்ள முடியாது. துளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். நகரத்தில் பாதி வீட்டு இட்லிப்பூ இப்படித்தான் இருக்கிறது. நோய் என்று நினைத்து மருந்து அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யலாம். அரை அடி ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துக் காயவைத்து, அதில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்துக்கொண்டு பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. அப்புறம் ஓரடிக்கு ஒரு குழி எடுத்து ஒருமுறை தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை ஊற்றியது சில மணி நேரத்தில் வடிந்துவிட வேண்டும். அப்படியே நின்றால் மழைக்காலத்தில் வேர் அழுகும்.

இன்னொன்று. திருச்சியில் மணிகண்டம் வட்டாரத்தில் களர் மண், அதாவது சோடியம் மிகுந்த கார மண் உண்டு. உங்கள் வீடு அந்தப் பக்கம் என்றால் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். களர் என்றால் ஜிப்சம் போட வேண்டியிருக்கும். கட்டட இடிபாட்டுச் சுண்ணாம்புக்கு ஜிப்சம் உதவாது, அதை அள்ளி வெளியேற்றத்தான் வேண்டும். இரண்டும் வேறு வேறு.

கலா_திருச்சி | ஆகஸ்ட் 17

கணபதி சார், நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். அரை அடிக்குக் கீழே கடப்பாரை போட்டால் டங் என்று கேட்கிறது. செங்கல் துண்டு, கலவைக் கட்டி, ஒரு பழைய சிமெண்டுச் சாக்கு. வினிகர் நன்றாகவே பொங்கியது. காலையில் குழியில் ஊற்றிய தண்ணீர் மாலை வரை நின்றது. நாங்கள் மணிகண்டம் பக்கம் இல்லை.

பக்கத்து வீட்டில், மண்ணை எடுத்துவிட்டு முழுக்கத் தென்னை நார்க்கழிவு கொட்டுங்கள், எடை இல்லாமல் இருக்கும் என்கிறார்கள். செய்யலாமா?

கரிசல்_கணபதி | ஆகஸ்ட் 17

வேண்டாம். மாடியில் தொட்டிக்கு எடை முக்கியம், தரையில் என்ன எடை? நார்க்கழிவு ஈரத்தைப் பிடிக்கும், சத்து கொடுக்காது. வருடத்துக்கு வருடம் மக்கி உட்கார்ந்துவிடும். வேர் பிடித்து நிற்க மண் வேண்டும். கலப்பதானால் பத்தில் ஒரு பங்கு போதும், அதுவும் நன்றாக அலசி உப்பு நீக்கிய பிறகு.

ஒன்றரை அடி ஆழத்துக்கு இடிபாட்டை அள்ளி வெளியே போடுங்கள். 12 அடிக்கு 3 அடி, ஒன்றரை அடி ஆழம் என்றால் 54 கன அடி. மண் வியாபாரிகள் 100 கன அடியை ஒரு யூனிட் என்பார்கள், ஆக மொத்தமே அரை யூனிட்டுக்குச் சற்று மேல். அடியில் இறுகிக் கிடக்கும் தரையைக் கடப்பாரையால் அங்கங்கே குத்தி உடைத்துவிடுங்கள், தண்ணீர் இறங்க வழி வேண்டும். பிறகு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழுவுரம், ஒரு பங்கு இலைமக்கு. கூடவே இரண்டு மூன்று கிலோ வேப்பம் புண்ணாக்கு, கரையானுக்கும், வேரைத் தாக்கும் நூற்புழுவுக்கும். தொழுவுரம் பச்சையாக இருக்கக் கூடாது. கையில் எடுத்தால் மண்வாசனை வர வேண்டும், சாணி வாசனை வரக் கூடாது.

தரைமட்டத்திலிருந்து ஒரு சாண் உயர்த்திக் கொட்டுங்கள், மழையில் உட்காரும். சுவரோடு ஒட்டிக் குவிக்காமல் அரை அடி விட்டு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பூச்சில் ஈரம் ஏறிப் பெயின்ட் உரியும். இதை இப்போதே செய்துவிட்டால் அக்டோபருக்குள் மண் செட்டாகிவிடும்.

பூக்கூடை_பார்வதி | ஆகஸ்ட் 18

கலா, நான் செடிப்பக்கம் வருகிறேன். உங்கள் பட்டியல் பெரியது, பாத்தி சின்னது. எல்லாவற்றையும் கொண்டுவர ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 3 அடி அகலத்தில் பவளமல்லி வைக்கக் கூடாது, அது மரம். அடியில் தட்டையான காய் விழுந்து கிடக்கும், அதிலிருந்து விதை எடுத்துக்கொள்ளுங்கள். நிழலில் கன்றுகளும் முளைத்திருக்கும். வீட்டுக்குப் பின்னால் இடமிருந்தால் அங்கே வையுங்கள்.

நந்தியாவட்டையையும் பெயர்க்காதீர்கள். அந்த வயதுச் செடியை எடுக்கப் போராடுவது வீண். பென்சில் கனத்தில், முற்றியும் முற்றாமலும் இருக்கும் குச்சியை ஒரு சாண் நீளம் வெட்டி, பால் வடிந்து நின்றதும் பையில் ஊன்றினால் தாராளமாக வேர் விடும். அம்மாவுக்கு அதே செடியின் அதே அடுக்குப் பூ கிடைக்கும்.

இட்லிப்பூவில் சின்னதைப் பெயர்த்துக்கொள்ளுங்கள், பெரியதிலிருந்து குச்சி. டிசம்பர் பூவைப் பற்றிக் கவலையே வேண்டாம். புதரைக் கடப்பாரையால் இரண்டாகப் பிளந்தால்கூடப் பிழைக்கும். கல்வாழைக்கு, கிழங்கில் இரண்டு மூன்று முளைக்கண் இருக்கும்படி வெட்டி நாலு விரல் ஆழத்தில் வையுங்கள். அது பரவும், தண்ணீரும் நிறைய கேட்கும். அதனால் கை கழுவும் குழாய் இருக்கும் கோடியில் ஒன்றிரண்டு கிழங்கு போதும். மழை லில்லி சின்ன வெங்காயம் மாதிரி கொத்துக் கொத்தாக வரும். பிரித்து, இரண்டு அங்குல ஆழத்தில், மூன்று அங்குலத்துக்கு ஒன்றாகப் பாத்தியின் முன்விளிம்பில் வரிசையாக ஊன்றுங்கள். ஒரு நல்ல மழைக்குப் பிறகு சில நாளில் வரிசை முழுக்க ஒரே நேரத்தில் பூத்து நிற்கும்.

கனகாம்பரத்தில்தான் கவனம் வேண்டும். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அதன் மண்ணோடு எடுத்து வந்தால் புதுப் பாத்திக்கும் புழுவைக் குடியேற்றிவிடுவீர்கள். அப்படி இருந்தால் வேரைத் தொடாமல் நுனிக்குச்சி மட்டும் வெட்டி வாருங்கள். ஆரஞ்சு நிற டெல்லி கனகாம்பரம் என்றால் எப்படியும் குச்சிதான், அதில் விதை பிடிக்காது.

உங்கள் வீட்டுக்கு வெயில் மேற்கிலிருந்து வருகிறது, சுவரும் மேற்கில். அதனால் உயரமானதைச் சுவரோரம் வைத்தால் பிற்பகல் நிழல் வீட்டுப்பக்கம் விழும். கேட்டுக்கு எதிர்க்கோடியில் நந்தியாவட்டை, அதற்கு வீட்டுப்பக்கமாகக் கனகாம்பரம். நடுவில் இட்லிப்பூ. கேட்டுப்பக்கம் டிசம்பர் பூ, அதை வருடா வருடம் வெட்டிக் கட்டுக்குள் வைக்கலாம், கோலத்துக்கு இடைஞ்சல் வராது.

மதுரை_மலர் | ஆகஸ்ட் 18

மேற்கு வெயிலுக்குச் செவ்வரளி வைத்தால் கவலையே இல்லையே? தண்ணீர்கூட வேண்டாம்.

பூக்கூடை_பார்வதி | ஆகஸ்ட் 19

கோயில் நந்தவனத்துக்கு நல்ல செடிதான் மலர். ஆனால் அரளியின் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. சுவருக்கு வெளியே கிளை நீண்டு தெருவில் போகும் ஆடு மாடு தின்றால் உயிருக்கு ஆபத்து. சின்னக் குழந்தைகள் வந்து போகும் வாசலில் நான் வைக்க மாட்டேன்.

கலா_திருச்சி | செப்டம்பர் 28

பாத்தியைத் தோண்டி மண் நிரப்பிவிட்டோம். இட்லிப்பூவுக்கு இரண்டு தவணையாக வேர் வெட்டியாயிற்று. கனகாம்பரத்தின் வேரில் பார்வதி அக்கா சொன்ன அதே முடிச்சு இருந்தது, குச்சி மட்டும் வெட்டி வந்து பையில் வைத்திருக்கிறேன். நந்தியாவட்டைக் குச்சிகள் துளிர்த்துவிட்டன. மீதிச் செடிகளை அடுத்த மாத நடுவில் குட்டி யானை வைத்து எடுத்து வரப் போகிறோம். 100 கிலோமீட்டர் பக்கம் வரும். வண்டியில் கொண்டுவரும்போது என்ன பார்க்க வேண்டும்?

வேர்மண் | செப்டம்பர் 28

காற்று. வழியில் செடி சாவது பெரும்பாலும் காற்றால்தான். திறந்த வண்டியில் வேகமாக வந்தால் இரண்டு மணி நேரத்தில் இலை கருகிவிடும். தார்ப்பாய் போட்டு நன்றாக மூடிக்கட்டி, முடிந்தால் விடியற்காலையில் கிளம்புங்கள்.

எடுப்பதற்கு முந்தைய நாள் மாலை வேரடி நனையத் தண்ணீர் விடுங்கள். மேற்கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். பூவும் மொட்டும் இருந்தால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிடுங்கள். போன தடவை அறுத்த வட்டத்துக்கு நாலு விரல் வெளியே தோண்டி, அடியில் மண்வெட்டியைச் சாய்த்து விட்டு வேரை அறுங்கள். ஈரச் சாக்கை ஒரு பக்கமாக நுழைத்து, செடியைச் சாய்த்து மறுபக்கம் இழுத்தால் மண் உருண்டை சாக்கின் நடுவில் வந்து உட்காரும். சாக்கின் நாலு முனையையும் தண்டோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிவிடுங்கள். தூக்கும்போது சாக்கைப் பிடித்துத் தூக்க வேண்டும், தண்டைப் பிடித்து ஒருபோதும் தூக்கக் கூடாது. மண் விலகினால் நாம் வளர்த்த சல்லிவேர் எல்லாம் அதோடு போய்விடும்.

நடும்போது பழைய இடத்தில் மண் எந்த அளவு வரை தண்டில் இருந்ததோ அதே அளவுதான் இங்கேயும். ஆழமாகப் புதைத்தால் தண்டு அழுகும். சாக்கை உருவிவிட்டு, குழியைப் பாதி மூடியதும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மண் தானாக இறங்கி இடைவெளியை நிரப்பும். அப்புறம் மீதி. காலால் மிதித்து இறுக்க வேண்டாம். ஒரு மாதத்துக்கு உரம் எதுவும் கூடாது, புது வேருக்கு அது எரிச்சல். மேற்குப் பக்கம் மூன்று நான்கு வாரம் பச்சை நிழல்வலை கட்டுங்கள். காய்ந்த இலையால் மூடாக்குப் போடுங்கள், தண்டைத் தொடாமல்.

இலை உதிர்ந்தால் பதறாதீர்கள். நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருக்கும்வரை செடி உயிரோடு இருக்கிறது.

கலா_திருச்சி | டிசம்பர் 4

நிலவரம் சொல்கிறேன். டிசம்பர் பூவைப் பிளந்து நட்டதில் இரண்டு பாதியும் பிடித்துவிட்டது, மொட்டு வைத்திருக்கிறது. மழை லில்லி வரிசை நவம்பர் மழைக்கே ஒரு சுற்று பூத்தது. அம்மா அன்று காலை நெடுநேரம் வாசலிலேயே நின்றார். கல்வாழை முளை விட்டிருக்கிறது. நந்தியாவட்டையும் கனகாம்பரமும் பையிலிருந்து பாத்திக்கு மாறிவிட்டன. பன்னீர் ரோஜா பிழைக்கவில்லை, கீறிப் பார்த்தால் அடிவரை பழுப்பு.

இட்லிப்பூ எல்லா இலையையும் கொட்டிவிட்டு இப்போது துளிர்க்கிறது. ஆனால் துளிர் மஞ்சளாக இருக்கிறது, நரம்பு மட்டும் பச்சை. மண்ணைத்தான் முழுக்க மாற்றிவிட்டோமே?

கரிசல்_கணபதி | டிசம்பர் 5

எந்தத் தண்ணீர் விடுகிறீர்கள்?

கலா_திருச்சி | டிசம்பர் 5

மழை இல்லாத நாளில் போர் தண்ணீர். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் சார்.

கரிசல்_கணபதி | டிசம்பர் 5

அதுதான் ஒரு காரணம். உப்புத் தண்ணீர் ஊற்ற ஊற்ற மண் மறுபடி காரமாகும். இன்னொன்று, வேர் இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை, அதனாலும் சத்து ஏறாது. மழைத் தண்ணீரைப் பிடித்து இட்லிப்பூவுக்கு மட்டுமாவது அதை விடுங்கள். பிடித்த பாத்திரத்தை மூடி வையுங்கள், கொசு வரும். உடனடி உதவிக்கு அன்னபேதி உப்பு, அதாவது இரும்பு சல்பேட், உரக்கடையில் கிடைக்கும். ஒரு லிட்டருக்கு 5 கிராம், அதில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிந்து, மாலை நேரத்தில் இலைமேல் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. சுவரிலும் தரையிலும் பட்டால் துருக்கறை விழும், போகாது. நிலையான தீர்வு, மாதம் ஒருமுறை இலைமக்கு போட்டுக்கொண்டே இருப்பதுதான்.

பூக்கூடை_பார்வதி | டிசம்பர் 6

ரோஜாவுக்காக வருந்தாதீர்கள் கலா. இடிப்பதற்குள் கும்பகோணத்தில் அந்தச் செடி இருந்த இடத்தில் வேர்க்கன்று ஏதாவது கிளம்பியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து வாருங்கள். பன்னீர் ரோஜாவில் அது உண்டு.

செம்மண்_செல்வம் | ஜனவரி 3

மேடம், டிசம்பர் பூ பூத்ததா?

கலா_திருச்சி | ஜனவரி 3

மார்கழி முழுக்கப் பறிக்கிறோம் தம்பி. இட்லிப்பூவின் புதுத் துளிர் பச்சையாகத்தான் வருகிறது. கும்பகோணத்தில் ரோஜா வேர்க்கன்று இரண்டு கிடைத்தது, தொட்டியில் வைத்திருக்கிறேன். டிசம்பர் பூவை எப்போது வெட்ட வேண்டும்? இப்போதே கேட்டுப்பக்கம் சாய்கிறது.

வேர்மண் | ஜனவரி 4

பூ ஓய்ந்ததும், மாசியில். தரையிலிருந்து ஓரடி விட்டு மொத்தமாக வெட்டிவிடலாம். இப்போதைக்குச் சாய்கிற கிளையை ஒரு கயிற்றால் உள்பக்கம் இழுத்துக் கட்டிவிடுங்கள்.

செம்மண்_செல்வம் | ஜனவரி 4

வெட்டுகிற குச்சியை எறிந்துவிடாதீர்கள் மேடம். ஊதா எங்களிடம் இல்லை, வெள்ளைதான் இருக்கிறது. மாசியில் திருச்சி வரும்போது வெள்ளையில் நாலு கன்று கொண்டுவந்து தருகிறேன், தனிச்செய்தியில் இடம் சொல்லுங்கள்.